முதலில் பாக் எர்தே வீட்டுக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. ஆத்தூர் பக்கம் ஆங்கில ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். கணவருக்கு 61, ஓய்வூதியர், ரத்த அழுத்தம் உண்டு, சுத்த சைவம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். போன ஜூலையில் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் போரோபுதூர் பௌத்த ஆலயம் பார்க்கப் போனபோது யோக்யகார்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங் கிடுல் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டில் நான்கு இரவுகள் தங்கினோம். திரும்பி வர மனசே இல்லை. அந்த வீட்டம்மாவின் அண்ணன் மகன் பெயரில் 12 சென்ட் நிலம் வாங்கி, நமக்குத் தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு தரகர் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்க சிங்கப்பூர் போய்த் திரும்பினால் விசா பிரச்சினை வராது என்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. ஊர் முழுக்க முஸ்லிம்கள், எங்களை ஏற்றுக்கொள்வார்களா? இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

இந்தோனேசியாவில் நிலத்துக்கு அடிப்படை 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டம். முழு உரிமையுள்ள பட்டாவை ‘ஹாக் மிலிக்’ என்பார்கள். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவிட்டு, ‘உண்மையில் இது இன்னாருடையது’ என்று பக்கத்தில் ஒரு தாள் எழுதி வைக்கும் வழக்கத்தை அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு முன்கூட்டியே யோசித்திருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு முழு உரிமையைக் கொடுக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது; நிலம் அரசுக்குப் போகும்; கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. தரகர் காட்டும் அந்த இரண்டாவது ஒப்பந்தத்தை நீங்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனால், சட்டத்தை மீறியதற்கான சாட்சியம் உங்கள் கையிலேயே இருக்கும்.

அந்த அண்ணன் மகன் நல்ல பையனாகவே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு இந்தியர் இதேபோல நண்பர் பெயரில் வீடு கட்டினார். நண்பர் தங்கமான மனிதர். ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அப்பா பெயரில் இருந்த வீடு அவர்களுக்கு வந்தது, அவ்வளவுதான். இவருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. ஆள் நல்லவரா என்று பார்த்தால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டப்படியான வழிகள் இல்லாமல் இல்லை. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் ‘ஹாக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த விதிப்படி முதலில் 30 ஆண்டு, பிறகு 20, அப்புறம் இன்னொரு 30. ஆனால் அதற்குக் குறைந்தபட்ச விலை வரம்பு உண்டு, மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். 12 சென்ட் கிராமத்து நிலம் அந்தக் கணக்குக்குள் வராது. போதாக்குறைக்கு யோக்யகார்த்தா தனிச் சிறப்புப் பகுதி. அங்கே சுல்தானின் அரண்மனைக்கும் பாக்குவாலமான் அரண்மனைக்கும் சொந்தமான நிலங்கள் ஊர் ஊராகக் கிடக்கின்றன. 2012-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. தலைமுறையாக உழுகிற குடும்பத்துக்கே சில இடங்களில் காலடி மண் தன்னுடையதா அரண்மனையுடையதா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இதற்குள் நீங்கள் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? வாடகைக்கு எடுங்கள். அங்கே அதற்குப் பெயர் ‘கொந்த்ராக்’. மாத வாடகை இல்லை, ஓராண்டுத் தொகையை மொத்தமாக முதலிலேயே கொடுப்பதுதான் ஊர் வழக்கம். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஓராண்டு வாடகையோடு நிற்கும்.

விசாவுக்கு வருகிறேன். நீங்கள் போன முறை வாங்கியது வந்திறங்கியதும் தரும் விசா. 5 லட்சம் ருபியா, 30 நாள், ஒரே ஒரு முறை இன்னொரு 30 நாளுக்கு நீட்டிக்கலாம். தரகர் சொல்லும் சிங்கப்பூர் சுற்று இதை வைத்துத்தான். முதல் இரண்டு முறை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான்காவது முறை கவுண்டரில் இருக்கும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பின்பக்கமிருந்து புரட்டத் தொடங்குவார். சுற்றுலா வந்தவருக்கு ஒரே ஊரில் என்ன வேலை என்று கேட்டால், “எனக்கு அந்த ஊர் பிடிக்கும்” என்ற உண்மையான பதில்தான் அவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். நாள் தவறித் தங்கினால் ஒரு நாளைக்கு, ஆளுக்கு 10 லட்சம் ருபியா அபராதம். 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்துவதும் மறுநுழைவுத் தடையும்.

ஓராண்டு என்று நினைக்கிறவர்கள் படிப்படியாகப் போவதுதான் நல்லது. முதல் தடவைக்கு, கிளம்பும் முன்பே வாங்கும் 60 நாள் வருகை விசா போதும். அதை உள்ளிருந்தே நீட்டித்து ஆறு மாதம் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் ஓய்வுபெற்றோருக்கான தங்கும் அனுமதி இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரின் வயது அதற்குப் பொருந்தும். ஆனால் மாத வருமானச் சான்றை டாலர் கணக்கில் கேட்பார்கள், நம் ஊர் ஓய்வூதியர்கள் பலருக்கு இடிப்பது அங்கேதான். இணையத்தில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு 2024 முதல் தனி விசா உண்டு, ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும். ‘இரண்டாம் வீடு’ விசா 2022 இறுதியில் வந்தபோது கேட்ட வைப்புத்தொகை 200 கோடி ருபியா. இவை இரண்டும் நமக்கு வேண்டாம். விண்ணப்பத்தைக் குடிவரவுத் துறையின் சொந்த இ-விசா தளத்தில் மட்டும் போடுங்கள். முகவரி ‘கோ டாட் ஐடி’ என்று முடிய வேண்டும். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தளங்கள் நிறைய.

ஆங்கிலம் சொல்லித்தருவது பற்றி. இதைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ‘காசு வாங்கவில்லையே’ என்பது அங்கே எடுபடாது. தங்கும் அனுமதியின் நோக்கத்துக்குப் புறம்பான செயல் எதுவும் 2011 குடிவரவுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில் மாட்டும். 5 ஆண்டு வரை சிறை, 50 கோடி ருபியா வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால் யாரும் கைது செய்யப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் எடுத்து, அதைத் தலைமை ஆசிரியர் படம் பிடித்து, அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றத் தொடங்கினால் கதை வேறு.

சரி, தலைப்பில் சொன்ன மனிதருக்கு வருவோம். ஜாவா கிராமத்தில் சில பத்து வீடுகளைச் சேர்த்து ஒரு ‘எர்தே’. பக்கத்துவீட்டார் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைவர் பாக் எர்தே. ‘பாக்’ என்றால் அப்பா, ஐயா இரண்டுமே. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் விவசாயியாகவோ கொத்தனாராகவோ இருப்பார். அவருக்கு மேலே டுக்கு, அவருக்கும் மேலே லூரா என்று அடுக்கு போகும். ஆனால் உங்கள் வாழ்க்கை ஓடப்போவது எர்தேவின் கையெழுத்தில்தான். ஊர் நுழைவாயிலில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள்: ‘தாமு 1x24 ஜாம் வாஜிப் லாப்போர்’. விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும் என்று அர்த்தம். நான்கு நாள் தங்கியபோது வீட்டம்மாவே சொல்லியிருப்பார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் நீங்களே போக வேண்டும்.

எப்படிப் போவது என்றும் சொல்லிவிடுகிறேன். மாலைத் தொழுகை முடிந்த பிறகு, இருவருமாக. கையில் ஒரு கிலோ சர்க்கரை, ஒரு பொட்டலம் தேயிலை. இது அங்கே பழைய மரியாதை. நம் ஊரில் பழம் வாங்கிக்கொண்டு போவது மாதிரி. இந்தியாவிலிருந்து விலை உயர்ந்த பரிசு எதுவும் வேண்டாம், அவர் பதிலுக்கு என்ன செய்வது என்று தவிப்பார். பாஸ்போர்ட் நகல், விசா நகல், மகளின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள். தேநீர் வரும். தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு. “மொங்கோ” என்று அவர் சொல்லும் வரை கோப்பையைத் தொடாதீர்கள். ‘மொங்கோ’ என்றால் ‘எடுத்துக்கோங்க’. ‘வாங்க’, ‘போங்க’, ‘உட்காருங்க’ எல்லாவற்றுக்கும் அதுவேதான். ஜாவா மொழியில் ஒரே ஒரு சொல்தான் கற்பேன் என்று அடம்பிடித்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்களை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாளில் பார்த்த புன்னகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது விருந்தாளிக்கு உரியது, எல்லோருக்கும் கிடைக்கும். குடியிருப்பவரை ஊர் வேறு அளவுகோலால் பார்க்கிறது: வரவேண்டிய இடத்துக்கு வருகிறாரா இல்லையா.

இரவுக் காவலைப் பாருங்கள். ‘ரோண்டா’ என்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் முறைவைத்துப் போக வேண்டும். முச்சந்தியில் கூரை போட்ட ஒரு சின்னத் திண்ணை, அதில் உள்ளே குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்கும். கெந்தோங்கான் என்று பெயர். திருட்டு, தீ, சாவு ஒவ்வொன்றுக்கும் தட்டும் விதம் வேறு. காவலுக்கு வந்தவர்கள் நள்ளிரவு வாக்கில் டார்ச்சோடு கிளம்புவார்கள். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஆணியில் ஒரு சிறிய டப்பா மாட்டியிருக்கும், பழைய பால்பாட்டிலை வெட்டிச் செய்ததாகக்கூட இருக்கலாம். அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பது ‘ஜிம்பித்தான்’. மூன்று விரலால் கிள்ளி எடுப்பது என்று பொருள். இப்போது பல ஊரில் அரிசிக்குப் பதில் 500 ருபியா நாணயம். மதிப்பு மிக மிகச் சொற்பம். ஜாவாவில் எங்கள் தெருவில் நான் குடியேறிய முதல் வாரம் இதெல்லாம் தெரியாமல் டப்பாவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன், முகப்பு அசிங்கமாக இருக்கிறது என்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே ஆணியில் புது டப்பா, உள்ளே யாரோ போட்ட ஒரு நாணயம். எனக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருந்தார். இதைவிடக் கடுமையாக ஒரு ஜாவாக்காரர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டவர் ரோண்டாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். 61 வயதுக்காரரை “வேண்டாம் பாக், ஓய்வெடுங்கள்” என்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் பத்து மணி வரையாவது போய் உட்காரச் சொல்லுங்கள். டோமினோ ஆடுவார்கள், காபி குடிப்பார்கள், சிகரெட் புகை தாங்காது. மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால் தூர்வார, சாலையோரப் புல் வெட்டக் கூப்பிடுவதற்கு ‘கெர்ஜா பக்தி’ என்று பெயர். காரியம், பக்தி இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். அதற்கும் ஒரு அரிவாளோடு போய் நில்லுங்கள். வேலை பாதி, தின்பண்டம் பாதி.

பெண்கள் பக்கம் இதைவிடப் பெரிய உலகம். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சமையலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் போவார்கள், ‘ரேவாங்’. கூப்பிடாமலே போவதுதான் முறை. தேங்காய் துருவத் தெரிந்தால் போதும். ‘அரிசான்’ என்றொரு சீட்டு உண்டு. ஏலம் கிடையாது, குலுக்கல். அதில் சேர்ந்துவிட்டால் மாதம் ஒரு முறை ஊர்ப் பெண்கள் எல்லோரையும் ஒரே அறையில் பார்ப்பீர்கள். உங்களுக்கு மொழி வரப்போவது அங்கேதான், புத்தகத்தில் இல்லை. கல்யாணத்துக்கு உறையில் பணம் வைப்பது நம் மொய்யேதான், பெயர் மட்டும் வேறு. யார் எவ்வளவு வைத்தார் என்று வீட்டில் நோட்டு இருக்கும். வெளிநாட்டுக்காரர்தானே என்று பத்து மடங்கு வைக்காதீர்கள். அடுத்த வீட்டம்மாவிடம் எவ்வளவு என்று கேட்டு அதையே வையுங்கள். கல்யாண மாதங்களில் ஒரே வாரத்தில் நான்கு உறை போகும், செலவுக் கணக்கில் இதற்கென்று ஒரு வரி போட்டு வையுங்கள்.

சாவு வீட்டுக்கு மட்டும் ஒரு நிமிடம்கூடத் தயங்க வேண்டாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரும் எர்தே எண்ணும் சொல்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம். கல்யாணத்துக்கு வராதவரை ஊர் மன்னிக்கும், ‘லாயத்’துக்கு வராதவரை மறக்காது. அடர்நிறத்தில் முழுக்கை உடை, தலையில் ஒரு துப்பட்டா. தொழுகையில் நிற்க வேண்டியதில்லை. முற்றத்து நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தால் போதும்.

மதத்தைப் பற்றிய பயம் வேண்டாம், ஆனால் கேள்வி வரும். அடையாள அட்டையிலேயே மதம் போட்டிருக்கும் நாடு அது, “உங்க மதம் என்ன?” என்று அறிமுகமான மூன்றாவது நிமிடம் கேட்பார்கள், “எந்த ஊர்?” என்று நாம் கேட்பது போல. அரசு அங்கீகரித்த ஆறு மதங்களில் இந்து மதமும் ஒன்று. “ஓ, பாலி மாதிரியா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜாவாவிலேயே இந்துக்கள் உண்டு. அவர்களின் புத்தாண்டான நியெபி திருநாளுக்கு முந்தைய சடங்கு ஆண்டுதோறும் பிரம்பானான் கோயில் வளாகத்தில் நடக்கிறது. வீட்டுக்குள் விளக்கு ஏற்றுங்கள், ஊதுபத்தி வையுங்கள், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. விடியற்காலை நாலேகால் வாக்கில் பாங்கு ஒலிபெருக்கியில் கேட்கும். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு அதைப் பற்றி முகம் சுளிக்காதீர்கள். ரம்ஜான் மாதத்தில் சஹூருக்கு, அதாவது நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் விடியற்காலை உணவுக்கு, எழுப்ப இளைஞர்கள் தகரம் தட்டிக்கொண்டு வருவார்கள், அதுவும் சேர்த்தி.

இன்னொன்று. அவர்களுக்கு மகாபாரதம் நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து குனுங் கிடுல் ஊர்களில் நடக்கும் ‘ரசூலான்’ திருவிழாவில் இரவு முழுக்க வாயாங் தோல்பாவைக் கூத்து இருக்கும். அந்தக் கதையில் திரௌபதி யுதிஷ்டிரனுக்கு மட்டும்தான் மனைவி. பள்ளியில் பாடம் எடுத்த பழக்கத்தில் ஐந்து பேர் என்று திருத்தப் போகாதீர்கள். நான் போனேன். பக்கத்தில் இருந்த பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடுதான் உங்கள் வீட்டுக்காரருக்கு உண்மையான சோதனை. ‘நான் சைவம்’ என்று சொன்னால் கோழி கொண்டு வருவார்கள். அவர்கள் பேச்சில் ‘டாகிங்’ என்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழியும் மீனும் அந்தச் சொல்லுக்குள் வராது. ஆகவே பட்டியலாகவே சொல்ல வேண்டும்: டாகிங், ஆயாம் (கோழி), இக்கான் (மீன்), ஊடாங் (இறால்), தெராசி. கடைசியில் உள்ள தெராசிதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. இறாலைப் புளிக்க வைத்து அரைத்த விழுது. சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இருக்கும், வேர்க்கடலைச் சாறு ஊற்றிய கீரையிலும் இருக்கலாம். அப்பளம் மாதிரி இருக்கிறதே என்று குருப்புக்கை எடுக்காதீர்கள், பல வகைகளில் இறால் உண்டு. பச்சைக் காய்க் குழம்பில்கூடக் கோழி அல்லது மாட்டுச் சுவையூட்டும் பொடி ஒரு பொட்டலம் விழுந்திருக்கும்; மசாக்கோ, ரோய்க்கோ என்று கடையில் சரம் சரமாகத் தொங்கும். சமைப்பவர்கள் அதை உப்பு மாதிரிதான் நினைக்கிறார்கள், கேட்டால் ‘அதில் ஒன்றும் இல்லை’ என்பார்கள். பலாப்பிஞ்சில் செய்யும் குடேக் யோக்யகார்த்தாவின் பெருமை. ஆனால் கூடவே மாட்டுத்தோல் வறுவல் சேர்ப்பது வழக்கம். மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் சொந்தமாகச் சமைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும், சோயாப் பனீரான டோஃபுவும் தினமும் புதிதாகக் கிடைக்கும். தேங்காய், வாழை, கீரை, மொச்சைக்குப் பஞ்சமில்லை. உளுந்தும் துவரையும் மட்டும் கொண்டு போங்கள்.

உங்கள் மாவட்டக்காரர்களுக்கு ஒரு சொந்தம் அங்கே காத்திருக்கிறது. சேலம் பக்கம் மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறோம். குனுங் கிடுலில் அதைச் சீவிக் காயவைத்து, இடித்து மாவாக்கி, ஆவியில் வேகவைத்துச் சோற்றுக்குப் பதில் சாப்பிட்டார்கள். ‘தீவுல்’ என்று பெயர். அரிசி எட்டாத காலத்து ஏழை உணவு, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு வெல்லம் தூவிக் கொடுக்கிறார்கள். சாயங்காலம் விசில் சத்தம் கேட்டால் வெளியே வாருங்கள்: மூங்கில் குழாயில் அரிசி மாவும் பனைவெல்லமும் வைத்து வேகவைக்கும் ‘பூத்து’ வண்டி. நம் புட்டேதான், ஆவி வெளியேறும் ஓட்டைதான் விசில்.

மொழிக்கு அதிகம் பயப்பட வேண்டாம். இந்தோனேசிய மொழியை ஆறு மாதத்தில் பேசிவிடலாம். கப்பல் அங்கே ‘காப்பால்’, வியாபார முதல் ‘மோடால்’. ஊருக்குள் பேசுவது ஜாவா மொழி, அதில் பெரியவர்களிடம் ஒரு விதம், சமவயதினரிடம் ஒரு விதம். அது வாழ்நாள் வேலை. யாரையாவது தாண்டிப் போகும்போது லேசாகக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி, “நுவுன் செவு” என்று சொல்லிப் பழகுங்கள். ‘ஆயிரம் மன்னிப்பு’ என்று அர்த்தம். ஒன்றில் மட்டும் கவனம்: “இங்கி” என்ற சொல் ‘ஆமாம்’ என்று புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்றுதான் பொருள். கூரை ஒழுகலைச் சரிசெய்வீர்களா என்று கேட்டு வீட்டுக்காரர் “இங்கி” என்றால் வாளியை எடுத்து வையுங்கள். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அங்கே அநாகரிகம். வழியில் பார்ப்பவர்கள் “வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்பதும் நம் ஊர் மாதிரியேதான். சிரித்து நன்றி சொல்லி நடையைக் கட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் ஏமாந்திருக்கிறீர்கள். குனுங் கிடுல் சுண்ணாம்புப் பாறை நாடு. ‘ஆயிரம் மலை’ எனப்படும் குனுங் செவு அங்கேதான், 2015 முதல் யுனெஸ்கோ புவிப்பூங்கா. பெய்கிற மழை பாறை இடுக்கில் இறங்கி அடியாறாக ஓடிவிடும், மேலே நிற்காது. நீங்கள் போன ஜூலையில் தொட்டியில் இன்னும் மழைநீர் மிச்சம் இருந்திருக்கும், இரவில் குளிரும் இதமாக இருந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊர்கள் உண்டு. மாவட்டத்தின் வடபக்கம், பாத்துக் வட்டாரத்தில், நிலைமை மேல். 2021-இல் உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்த ங்லாங்கெரான் அந்தப் பக்கம்தான். வீடு பார்க்கும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது சமையலறைக் கதவை இல்லை, தண்ணீர்த் தொட்டி மூடியை. குளியலறைத் தொட்டியில் மொண்டு ஊற்றிக் குளிப்பது நமக்குப் புதிதில்லை. மின்சாரம் பெரும்பாலும் முன்கட்டணம். கடையில் காசு கொடுத்து 20 இலக்க எண் வாங்கி மீட்டரில் தட்ட வேண்டும். தீரப்போகும்போது மீட்டர் கத்தும், தெருவே வந்து சொல்லும்.

ஊருக்கு அருகே ‘புஸ்கெஸ்மாஸ்’ என்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். காய்ச்சல், காயத்துக்குப் போதும். இதயம் சம்பந்தப்பட்டது என்றால் யோக்யகார்த்தா நகரத்துக்குத்தான், சர்ஜித்தோ அரசு மருத்துவமனை பெரியது. வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு, அசல் அட்டையிலேயே கொண்டு போங்கள். ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் இரு சக்கர வண்டிக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். போலீஸ்காரர் “சிம்” கேட்டால் செல்போனை நீட்ட வேண்டாம், ஓட்டுநர் உரிமத்துக்கு அங்கே அதுதான் பெயர். நிலநடுக்கமும் நினைவில் இருக்கட்டும்: 2006 மே 27 விடிகாலையில் இந்தப் பகுதியில் 5,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் கம்பி இல்லாத செங்கல் சுவர்கள் விழுந்து. வாடகைக்கு எடுக்கும் வீட்டில் கான்கிரீட் தூண் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

அப்புறம், எப்போது போவது? இந்த முறை செப்டம்பர் நடுவில் போய் அக்டோபர் கடைசி வரை, அதே வீட்டம்மாவிடம் அறை எடுத்துத் தங்குங்கள். உள்ளூர்ச் சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும்; ஜாவா வாரத்துக்கு ஐந்து நாள், லெகி, பஹிங், போன், வகே, கிளிவோன். உங்கள் ஊர்ச் சந்தை எந்த நாள் என்று கேட்டு அதைச் சுற்றித் திட்டம் போடுங்கள், இல்லையென்றால் காய்கறிக்கு மாவட்டத் தலைநகரான வோனோசாரி வரை ஓட வேண்டியிருக்கும். முதல் வாரமே பாக் எர்தே வீடு. நிலம் வேண்டாம், வாடகைதான் என்று வீட்டம்மாவிடமும் அந்தப் பையனிடமும் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள், தரகர் வழியாக வேண்டாம். அவர்கள் உள்ளுக்குள் நிம்மதி அடையவும் வாய்ப்பிருக்கிறது. மழைக்காலம் எப்படி என்று பார்க்க ஜனவரியில் இன்னொரு முறை போய்விட்டு, அதன் பிறகு ஓராண்டு வாடகை ஒப்பந்தத்துக்கு வாருங்கள். வரைவு கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்புங்கள். தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புவது, கூரையை யார் பார்ப்பது, பாதியில் கிளம்பினால் மீதிப் பணம் என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.